தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் நாள்

டிசம்பர் 29, ஞாயிறு

புது டைரி வந்துவிட்டது. எங்கள் கிளப் தலைவர் நமச்சிவாயம் தன் மருந்துக் கடையிலிருந்து கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் சர்க்கரை வியாதி விளம்பரம். ஜனவரி பிறக்கும்வரை பொறுக்க முடியாமல் முன்னால் இருக்கும் வெற்றுத்தாளிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

இன்று 964ஆம் நாள். பிப்ரவரி 3 வந்தால் ஆயிரம். வீட்டிலிருந்தபடியே வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் பொருநை ஹாம் ரேடியோ கிளப்பின் காலை வருகைப் பதிவை ஒரு நாள் விடாமல் நடத்தி வருகிறேன். மழை, கரண்ட் கட், எனக்கு வந்த டெங்கு, எதற்கும் நின்றதில்லை. காலை ஆறே முக்காலுக்கு செட்டைப் போட்டு, அம்பாசமுத்திரத்தைச் சுற்றி இருக்கும் பதினான்கு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். ஆளுக்கு ஒரு நிமிஷம். பேச ஒன்றும் இல்லாதவர்கள் மைக் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் போதும், மற்ற செட்டுகளில் டப் டப் என்று கேட்கும். 'இருக்கிறேன், சொல்ல ஒன்றுமில்லை' என்று அர்த்தம். நான் நோட்டில் 'ஆஜர்' என்று எழுதிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாளும் தவறாதவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் வேதமாணிக்கம் சார், மின்வாரியத்தில் சப்-ஸ்டேஷன் பார்த்து ஓய்வு பெற்றவர். புரட்டாசியில் அவர் மனைவி ரூபி இறந்த அன்றுகூட, உடம்பு கூடத்தில் கிடக்க, ஆறே முக்காலுக்கு வந்து "ஆஜர் மேடம்" என்றார். பைத்தியம்தான். ஆனால் என் ரகப் பைத்தியம். ஆயிரமாவது நாள் விழாவில் எங்கள் இரண்டு பேருக்கும் கேடயம்.

ஜனவரி 5, ஞாயிறு

971. இன்று ஒரு கசப்பு.

வேதமாணிக்கம் சார் முறை வந்தது. தோசை சுட்டு முடித்துப் பார்த்தால் பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறாராம். அங்கே ஆரம்பித்தவர், ரூபிக்கு ஓரம் முறுகலாக இருக்க வேண்டும், அவள் கடைசித் தோசையைத்தான் சாப்பிடுவாள் என்று போய்க்கொண்டே இருக்கிறார். ஒரு நிமிஷத்துக்கு வைத்திருந்த என் அடுப்படி டைமர் அடித்தது. நிறுத்தவில்லை. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பின்னால் ஏழு பேர் காத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு ஏழு மணி பஸ். அவர் மூச்சு விட மைக்கை விட்ட இடைவெளியில் புகுந்தேன்.

"சார், ஒரு நிமிஷம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. இது சொந்தக் கதை பேசுத இடம் இல்ல. அடுத்து, மைதீன்."

மைதீன் டி.வி. மெக்கானிக், வாய் ஓயாதவன். அவனே இன்று இரண்டு அழுத்தோடு போய்விட்டான். பிறகு போனில் கூப்பிட்டு, "அக்கா, அந்த மனுசனக் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம்" என்றான். விதி என்றால் எல்லாருக்கும்தான் விதி. டிரங்க் காலில் மூன்று நிமிஷம் முடிந்தால் கல்யாணச் செய்தியா சாவுச் செய்தியா என்று பார்த்தா துண்டித்தோம்?

இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். இரண்டு ஆழாக்கு அதிகமாகிவிட்டது.

ஜனவரி 6, திங்கள்

972. வேதமாணிக்கம்: இரண்டு அழுத்து. பேச்சு இல்லை.

ஜனவரி 9, வியாழன்

975. நாலு நாளாக அதே டப் டப். என்னோடு பேச மாட்டாராம். அறுபத்தெட்டு வயசில் வீம்பு பார். பேசாவிட்டால் எனக்கு நேரம் மிச்சம்.

ஜனவரி 14, செவ்வாய்

980. பொங்கல் வாழ்த்துச் சொல்லப் பதிமூன்று பேரும் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். இவர் மட்டும் டப் டப். நான் எல்லாருக்கும் பொதுவாக வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அதில் அவரும் அடக்கம்தானே. பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. ஒருத்திக்காகப் பொங்குவதில் இதுதான் தொல்லை, கிண்டவும் ஆளில்லை, குறை சொல்லவும் ஆளில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

985. ஞாயிறுதோறும் அடுத்த வாரப் பக்கத்துக்குக் கோடு போட்டு வைப்பது வழக்கம். இன்று வேதமாணிக்கத்தின் கட்டங்களில் ஏழு 'ஆஜர்' சேர்த்தே எழுதிவிட்டேன். என் பெயருக்கு எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். எப்படியும் அழுத்தத்தான் போகிறார், தினமும் எதற்குப் பேனாவைத் தேட? தவிர, அவருடைய கேடயத்தை ஆவுடையம்மாள் கெடுத்தாள் என்று நாளைக்கு ஒருவர் என்னைச் சொல்லக் கூடாது. இதைவிட ஒருத்தி எப்படிப் பெருந்தன்மையாக இருக்க முடியும்?

ஜனவரி 23, வியாழன்

989. மிக்சி பழுது பார்க்க மைதீன் வந்தான். சந்தையில் வேதமாணிக்கத்தைப் பார்த்தானாம்.

"கத்திரிக்காப் பைய கீழ போட்டுட்டாருக்கா. நான்தான் பொறுக்கிக் குடுத்தேன். வலது கை லேசா நடுங்குது. சிரிச்சாரு, சிரிப்பு ஒரு பக்கமாப் போவுது. நீங்க ஒரு நடை போயிப் பாத்துட்டு வாங்களேன்."

"ஏன், அவருக்கு எங்க வீடு தெரியாதா?" என்றேன்.

"நீங்க சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாரு. எங்க பேச்ச அந்த மனுசன் எங்க கேக்காரு?"

மிக்சியில் புஷ் தேய்ந்திருந்ததாம். மாற்றிவிட்டான்.

ஜனவரி 24, வெள்ளி

990. இன்று போவதாகத்தான் இருந்தேன். சிலிண்டர் வருகிறது என்று செய்தி வந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு எப்படிப் போவது? நாலு மணிக்கு வந்தது. அதற்குமேல் போனால் எனக்குக் காபி போட வேண்டி அவருக்குச் சிரமம்.

ஜனவரி 26, ஞாயிறு

992. கொடியேற்றிவிட்டுத் திரும்பும்போது அவர் தெரு வழியாக வரலாம் என்று நினைத்தேன். முனையில் நின்று பார்த்தால் மாடியில் அவருடைய ஆன்டெனா தெரிகிறது. ஆள் வெளியே இல்லை. நல்ல வெயில். நேர்வழியே வந்துவிட்டேன். அடுத்த வாரத்துக்குக் கோடு போட்டு, கட்டங்களை நிரப்பினேன்.

ஜனவரி 27, திங்கள்

993. பியூலா கூப்பிட்டாள். வேதமாணிக்கத்தின் ஒரே மகள், ஓசூரில் பள்ளிக்கூடத்து டீச்சர்.

"ஆன்ட்டி, அப்பா போன்ல சரியாவே பேச மாட்டேங்காவ. வார்த்த கொழறுதோன்னு பயமா இருக்கு. கேட்டா பல்லு செட்டு லூசாயிட்டுன்னு சொல்லுதாவ. ரேடியோவுல ஒழுங்கா வாராவளா?"

"தினமும் கரெக்டா வந்துருதாரும்மா. ஆறே முக்காலுக்கு ஒரு நாள் தவறல."

"அப்ப சரி ஆன்ட்டி. நீங்க அங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் இங்க இருக்கேன்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவள் 'ரேடியோவில் வருகிறாரா' என்றுதான் கேட்டாள்.

ஜனவரி 30, வியாழன்

996. ஞாயிற்றுக்கிழமை நரி வேட்டை. ஆயிரமாவது நாளுக்கு முந்தைய உல்லாசப் பயணம் இதுதான். சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை ஊருக்கு வெளியே எங்கேயாவது ஒளித்து வைப்போம், அது 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே இருக்கும், அதுதான் நரி. கையில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு, சத்தம் எந்தத் திசையில் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து முதலில் போய்ச் சேருகிறவருக்குப் பரிசு. போன மூன்று தடவையும் மைதீன்தான் ஜெயித்தான். நரியை ஒளிக்கும் பொறுப்பு என்னுடையது. எலுமிச்சைச் சாதம் என் கணக்கு, வடை தலைவர் கணக்கு.

வேதமாணிக்கம் வருகிறாரா என்று காலையில் கேட்டேன். டப் டப். வருகிறேன் என்றா, வரவில்லை என்றா?

ஜனவரி 31, வெள்ளி

997. காலையிலேயே எரிச்சல்.

வேதமாணிக்கத்தைக் கூப்பிட்டதும் இரண்டு அழுத்து அல்ல, டப், டப், டப் என்று அழுத்திக்கொண்டே இருக்கிறார். ஐந்தோ ஆறோ. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஒழுங்கே இல்லை. நடுவில் பின்னால் டி.வி. ஓடுகிற மாதிரி ஏதோ சத்தம் வேறு. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது என்னைக் கேலி செய்கிறார் என்று தெரிந்தது. மேலேயே ஏறிப் பேசினேன்.

"சார், ரெண்டு அழுத்து போதும். மைக்க வச்சு வெளையாடாதிய. மத்தவங்க காத்துக்கிட்டிருக்காவ."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நீளமாக ஒன்று. 'ஆஜர், அடுத்து' என்று போய்விட்டேன். அப்புறம் யாரும் சரியாகப் பேசவில்லை, எல்லாரும் டப் டப்போடு முடித்துக்கொண்டார்கள்.

எலுமிச்சம்பழம் இருபது வாங்கினேன். சாறே இல்லை.

பிப்ரவரி 1, சனி

998. வேதமாணிக்கம்: ஒரே அழுத்து, ரொம்ப நீளம். ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. நாற்காலியாக இருக்கும். கோபத்தில் மூச்சு வாங்குகிறார் போல. என்னவோ போல இருந்தது. 'சார்' என்று ஒரு தடவை கூப்பிட்டேன், அவர் மைக்கை விடவில்லை, நான் கூப்பிட்டது கேட்டிருக்காது.

பதினோரு மணிக்குப் பியூலா.

"ஆன்ட்டி, நேத்துலேருந்து அப்பா போன எடுக்கவே இல்ல. பால்காரி இசக்கியம்மா நம்பருக்கு அடிச்சா, அவ ஒரு கல்யாணத்துக்கு வள்ளியூர் போயிருக்காளாம். நான் இன்னைக்கே பஸ் ஏறிரட்டுமா? இல்ல நீங்க…"

"இன்னைக்குக் காலையிலகூட வந்தாரேம்மா. நேத்தும் வந்தாரு. போன்ல சார்ஜ் இல்லாம இருக்கும். என் மேல உள்ள கோவம் உன் மேல திரும்பியிருக்கும்."

"நெசமா காலையில வந்தாவளா?"

"நோட்டுல எழுதி இருக்கும்மா."

"அப்பாடா" என்றாள். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறாளாம். சும்மா எதற்கு அலைய வேண்டும் அந்தப் பிள்ளை?

நரிக்குப் புது பேட்டரி போட்டேன். நன்றாகக் கத்துகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

999. நரி வேட்டை இனிதே முடிந்தது. ஒரு இடைஞ்சலைத் தவிர.

நரியை வாய்க்கால் பாலத்துக்கு அடியில் ஒளித்திருந்தேன். எட்டரைக்கு விசில் ஊதினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, எங்கள் அலைவரிசையில் நரியின் சத்தத்தை அமுக்கிக்கொண்டு வேறு ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. பேச்சும் இல்லை, பீப்பும் இல்லை, வெறும் இரைச்சல். யாரோ மைக்கை அழுத்தியபடியே இருக்கிறார்கள். மூன்று நிமிஷமானதும் செட் தானாக விட்டுவிடும். கொஞ்ச இடைவெளி. மறுபடி அழுத்து. காலை வருகையின்போதும் இப்படித்தான் ஒன்று வந்து தொலைந்தது.

மைதீன் ஆன்டெனாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.

"அக்கா, இது நரி இல்ல. வேதமாணிக்கம் சார் வீட்டுப் பக்கம் காட்டுது. எனக்கு என்னமோ சரியாப் படல. நான் ஓடிப் போயிப் பாத்துட்டு வந்துருதேன்."

"போட்டி நடக்கும்போது பாதியில போனா நீ அவுட்டு. உன்னப் பாத்து மத்தவங்களும் போவாங்க. வேட்டையக் கெடுக்கணும்னுதான அவரு செய்யுதாரு? அதுக்கு நாம ஆடணுமா?"

"அப்படிப்பட்ட ஆளாக்கா அவரு?"

"ஒரு மாசமா என்கிட்ட பேசல, தெரியுமா உனக்கு?"

இரைச்சல் நின்ற இடைவெளியில் மைக்கை எடுத்து எல்லாருக்கும் அறிவித்தேன். "ஒருத்தரு வேணும்னே மைக்க அழுத்திப் பிடிச்சுக்கிட்டிருக்காரு. யாருன்னு எனக்குத் தெரியும். வீம்புக்காரங்களுக்கு நாம வேடிக்க காட்ட வேண்டாம். எல்லாரும் ரெண்டாவது அலைவரிசைக்கு மாறுங்க. இங்க ஒருத்தரும் இருக்க வேண்டாம்."

ஒழுங்கு என்றால் எங்கள் கிளப்தான். ஒவ்வொருவராகத் தங்கள் ரேடியோப் பெயரான கால்சைனைச் சொல்லி, "மாறுதேன்", "மாறுதேன்" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக மைதீன். நானும் நரியை அந்த அலைவரிசைக்கு மாற்றி வைத்துவிட்டு மாறினேன். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. மைதீன்தான் ஜெயித்தான், ஆனால் பரிசு வாங்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். எலுமிச்சைச் சாதம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். மீதமானதை வாய்க்காலில் மீனுக்குப் போட்டோம்.

வந்ததும் அடுத்த வாரக் கட்டங்களை நிரப்பினேன். இவ்வளவு செய்தும் அவர் பெயருக்கும் ஏழு 'ஆஜர்'.

பிப்ரவரி 3, திங்கள்

1000!

பதினான்கு பேரும் ஆஜர். வேதமாணிக்கம்: இரண்டு அழுத்து, சுத்தமாக, பழையபடி. தெளிவாகக் கேட்டது. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேசரி கிண்டினேன், முந்திரி தாராளமாகப் போட்டு. அவருக்கும் ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தலைவர் பத்து மணிக்கு வந்தார். உட்காரவில்லை.

"மேடம், வேதமாணிக்கம் சார் திருநெல்வேலியில ஆஸ்பத்திரியில கெடக்காரு. பக்கவாதம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இசக்கியம்மா வந்து கதவத் தட்டிப் பாத்திருக்கா. தெறக்கல. பின்னால சன்னல் வழியாப் பாத்தா, ரேடியோ மேசைக்குக் கீழ தரையில கெடந்திருக்காரு. மைக்கு வயரோட தொங்கி கைக்கிட்ட இருந்திருக்கு. வெள்ளிக்கிழமை காலையிலயே விழுந்திருக்கணும்னு டாக்டர் சொல்லுதாராம். ரெண்டரை நாள், சொட்டுத் தண்ணி இல்லாம."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமா?"

"ஆமா. அப்பவே ஆம்புலன்ஸ்ல கொண்டு போயாச்சு. வீட்டப் பூட்டி, மெயினையும் அணச்சிட்டுதான் போயிருக்காவ."

"நேத்துக் காலையில அவரு வந்தாரே" என்றேன்.

 நோட்டை எடுத்துக் காட்டினேன். தலைவர் அதை வாங்கவில்லை.

கேசரியில் எறும்பு ஏறிவிட்டது. கொட்டினேன்.

பிப்ரவரி 5, புதன்

யாரோ என்னோடு விளையாடியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவர் பெயரைக் கூப்பிட்டதும் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். காலையில் ஒவ்வொருவராகக் கேட்டேன். யாருமே இல்லை என்கிறார்கள். பொய் சொல்கிறார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், முப்பத்தோரு வருஷம் அதை வைத்துத்தான் சாப்பிட்டேன்.

மாலை.

மைதீன் வந்தான். காலை வருகையை அவன் தினமும் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைப்பது எனக்குத் தெரியும், நான்தான் ஆயிரமாவது நாள் நினைவாக வைக்கச் சொன்னேன். போனில் போட்டுக் காட்டினான். திங்கட்கிழமை. என் குரல் அவர் கால்சைனைச் சொல்கிறது. பிறகு ஒன்றும் இல்லை. நான்கு விநாடி. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம், நான்கு விநாடி சுத்தமாக ஒன்றும் இல்லை. பிறகு என் குரல், உற்சாகமாக: "ஆஜர். அடுத்து."

மூன்று தடவை போடச் சொன்னேன். அதே நான்கு விநாடிதான்.

"வெள்ளிக்கிழமையும் இருக்குக்கா" என்றான். வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டான். டப், டப். ஒவ்வொரு அழுத்துக்குள்ளும் ஒரு குரல் இருக்கிறது. வார்த்தை இல்லை. நாக்கு புரளாமல் தொண்டையிலிருந்து 'ஆ… ஆ…' என்று வருகிறது. டி.வி. இல்லை அது. ஆறாவது அழுத்தின் மேல் என் குரல் ஏறுகிறது, மைக்க வச்சு வெளையாடாதிய சார் என்று.

"அன்னைக்கு இது உங்களுக்குக் கேக்கலையாக்கா?"

போனை அவன் பக்கமே தள்ளி வைத்தேன்.

"எனக்குக் கேட்டுது" என்றான். "நீங்க கண்டிச்சதும், சரி அக்காவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டேன். ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான்." பெரிய ஆள், குழந்தை மாதிரி அழுதான். காபி போட எழுந்தேன். பால் திரிந்திருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் செட்டைப் போடவில்லை. தலைவரே நேரில் வந்துவிட்டார்.

"மேடம், பியூலா அந்த நோட்டக் கேக்குது. அப்பா கடைசியா எப்ப வந்தாவன்னு பாக்கணுமாம். அடுத்த வாரம் நடக்கப்போற விழாவுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல வேற சொல்லியாச்சு. கடைசி ரெண்டு பக்கத்த மட்டும் புது நோட்டுல எழுதிருங்க. வெள்ளிக்கிழமையிலேருந்து 'வரவில்லை'ன்னு போட்டுருங்க. நமக்கும் தொல்லை இல்ல, அந்தப் பிள்ளைக்கும் மனசு கஷ்டமில்ல."

வெள்ளிக்கிழமை வரவில்லை என்று எழுத வேண்டுமாம். அவர் வந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வந்தார். ஆயிரம் நாளில் அவர் அளவுக்குக் கஷ்டப்பட்டு வந்தவர்கள் யாரும் இல்லை. வராத அன்றைக்கு 'ஆஜர்' எழுதினேன், வந்த அன்றைக்கு அதட்டி அனுப்பினேன். ஒரு வருகைப் பதிவை இதைவிட மோசமாக எழுத முடியாது.

அப்படியே தலைவரிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "ரொம்ப யோசிக்காதிய மேடம்" என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. இல்லை, இருக்கிறது. சனிக்கிழமை அவர் மூச்சு வாங்கியபோது எனக்குத் தெரிந்தது. முழுதாகத் தெரியவில்லை. எழுந்து செருப்பை மாட்ட வேண்டிய அளவுக்குத் தெரிந்தது. பியூலா கூப்பிட்டபோதும் அது என் வாய்வரை வந்தது. நானாகப் போய் அவர் வாசலில் நின்றால் நான் தோற்றதாகிவிடும் என்று நினைத்தேன். இந்தக் கேவலமான காரணத்தைத்தான் ஒரு மாதமாக சிலிண்டர், வெயில், வீம்பு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

ஏழு மணி பஸ்ஸில் திருநெல்வேலி போனேன். பையில் நோட்டு. பழைய நோட்டு.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் பியூலா உட்கார்ந்திருந்தாள். தலைகூட வாரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன் ஆன்ட்டி. உயிருக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாவ. வலது பக்கம் வராது. பேச்சும் வராதாம். இடது கையால எழுதுதாவ, கோணல் மாணலா. ஆனா ஒரே வரியத்தான் திரும்பத் திரும்ப எழுதுதாவ."

மடித்து வைத்திருந்த தாளை விரித்துக் காட்டினாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம். பெரிய பெரிய எழுத்தாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நான்கு தடவை எழுதியிருந்தது.

எல்லாரும் போய்ட்டாங்க.

"அம்மா போனதத்தான் சொல்லுதாவன்னு நெனச்சேன். 'அம்மாவையாப்பா'ன்னு கேட்டா இல்லன்னு தலைய ஆட்டுதாவ. வீட்டுல யாரும் இல்லாததையான்னு கேட்டேன், அதுவும் இல்ல. கேக்கக் கேக்க அழுதாவ. எங்க யாருக்கும் புரியல ஆன்ட்டி. உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

அந்தத் தாளை என்னால் ரொம்ப நேரம் கையில் வைத்திருக்க முடியவில்லை. பெஞ்சில் வைத்துவிட்டு, புரியுதும்மா என்றேன்.

சொன்னேன். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டதையும் நான் அதட்டியதையும் சொன்னேன். நீ போன் செய்தபோது அந்த மூச்சு என் காதிலேயே இருந்தது, இருந்தும் நல்லாத்தான் இருக்காருன்னு உன்னைப் பஸ் ஏறவிடாமல் செய்தது நான்தான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர் மைக்கை விட்ட இடைவெளியில், அவர் காதில் விழும்படி, இங்கே ஒருத்தரும் இருக்க வேண்டாம் என்று நான் சொன்னதையும், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு அந்த இடத்தை விட்டுப் போனதையும் சொன்னேன். நோட்டைத் திறந்து திங்கட்கிழமைக் கட்டத்தைக் காட்டினேன். எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல என் குரல் எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்வது மாதிரி ஒரே சீராக இருந்தது, அதற்காகவே என்மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது.

பியூலா அழவில்லை. திட்டவும் இல்லை. நர்ஸ் ஒருத்தி வந்து ஏதோ மருந்துச் சீட்டைக் கொடுத்தாள், வாங்கி வைத்துக்கொண்டாள். அப்பா எழுதிய தாளைப் பெஞ்சிலிருந்து எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"உங்க வீட்டுலேருந்து எங்க வீட்டுக்கு நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம்" என்றேன்.